வலிக்கு மருந்து வைப்பதும் பக்கத்தில் ஆள் இருப்பதும்

பாறசாலை, செறுவாரக்கோணம், இஞ்சிவிளை, பனச்சமூடு, பொழியூர் என்று கேரளத்தின் தென்கோடியில் களியக்காவிளையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் பேறுகாலப் பேச்சு எடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "தானா வலி வந்துதா, மருந்து வச்சாவளா?" மருந்து என்று பதில் வந்தால் கேட்ட மாமியின் முகம் சற்றே மாறும். பிள்ளையும் தாயும் நலமாக இருந்தாலும் அது முழுமையான சுகப்பிரசவம் ஆகாது என்ற எண்ணம் அந்த முகத்தில் இருக்கும். அதே வீட்டில், குறித்துக் கொடுத்த தேதி தாண்டி இரண்டு நாள் ஆகிவிட்டால், "இன்னும் ஏன் மருந்து வைக்காம இருக்காவ?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. பயமும் அவசரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டுக்கும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பதே இங்கே வேலை.

மூன்று மருந்துகள்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன: மிசோப்ரோஸ்டால் மாத்திரை, டைனோப்ரோஸ்டோன் ஜெல், ஆக்சிடோசின் சொட்டு. முதல் இரண்டும் புரோஸ்டாகிளாண்டின் இனம்; கருப்பை வாயை இளக்கி, கருப்பையையும் சுருங்க வைக்கும். ஆக்சிடோசின், வாய் ஓரளவு இளகிவிட்ட கருப்பையில் வலியைக் கிளப்பிக் கூட்டும். நம் உடலே சுரக்கும் பொருள் அது. அதை 1953இல் ஆய்வகத்தில் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மிசோப்ரோஸ்டாலின் கதை வேறு. இரைப்பைப் புண்ணுக்காக உருவானது. அமெரிக்காவில் 1988இல் அனுமதி பெற்றதும் அதற்காகத்தான். 2000 ஆகஸ்டில் அதைத் தயாரித்த சேர்ல் நிறுவனமே மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, கருப்பை கிழிந்த செய்திகள் வந்திருக்கின்றன, கர்ப்பிணிகளுக்குத் தராதீர்கள் என்று எச்சரித்தது. ஐந்தே ஆண்டுகளில், 2005இல், உலக சுகாதார நிறுவனம் பேறுகால வலி வரவழைப்பதற்கென்று அதே மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எச்சரிக்கையும் சரி, சேர்த்ததும் சரி. இடையே இருக்கும் வித்தியாசம் அளவு. புண்ணுக்கான மாத்திரை 200 மைக்ரோகிராம். வலிக்கு வேண்டியது 25. அதாவது எட்டில் ஒரு பங்கு. பிளேடால் நறுக்கிய துண்டில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 25 மைக்ரோகிராம் மாத்திரையே தனியாக இந்தியாவில் கிடைக்கும்போது நறுக்கிக் கொடுப்பதை நியாயப்படுத்த ஒரு காரணமும் இல்லை.

அளவைப் போலவே முக்கியமான இன்னொன்று பொதுப்பேச்சில் வருவதே இல்லை: மருந்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது. ஆக்சிடோசின் சொட்டை நிறுத்தினால் சில நிமிடங்களில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். வலி எல்லை மீறினால் செவிலியர் குழாயை மூடலாம், அடங்கும். விழுங்கிய மாத்திரையை அப்படி மூட முடியாது. உள்ளே வைத்த ஜெல்லை முழுதாக வழித்தெடுக்கவும் முடியாது. அதனால்தான் மாத்திரையைச் சிறு அளவில், இடைவெளி விட்டு, அடுத்ததைக் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்: வாய்வழி என்றால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, பிறப்புறுப்பில் என்றால் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. சொட்டு மருந்துக்கும் தனி ஆபத்து உண்டு. பம்ப் இல்லாத வார்டில் சொட்டுகளை எண்ணித்தான் வேகத்தை வைக்கிறார்கள். வலியில் பெண் கையை மடக்கினாலோ புரண்டு படுத்தாலோ அந்த வேகம் மாறிவிடும். அரை மணிக்கு ஒருமுறை கூட்டிவைத்த கணக்கெல்லாம் அதோடு போயிற்று.

ஊரில் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு இது: மருந்து வைத்தால் கடைசியில் ஆபரேஷனில்தான் முடியும். சொல்பவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள், பொய்யில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிசேரியன் 21.5 சதவீதம், கேரளத்தில் 38.9, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 44.9. இவ்வளவு ஆபரேஷன் நடக்கும் இடத்தில், மருந்து வைத்த பெண்களிலும் பலர் ஆபரேஷனுக்குப் போவதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்களை யாரோடு ஒப்பிடுகிறோம்? தானாக வலி வந்த பெண்ணோடு ஒப்பிட்டால் மருந்து தோற்கும். மருந்து வைக்காவிட்டால் அன்றைக்கே தானாக வலி வந்துவிடும் என்பது இல்லையே. அவள் முன் இருந்த மாற்று வழி காத்திருப்பதுதான். ஆகவே காத்திருந்த பெண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2018இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 41 மருத்துவமனைகள், சிக்கல் ஏதும் இல்லாத 6,106 தலைப்பிரசவப் பெண்கள். 39 வாரத்தில் மருந்து வைத்தவர்களில் 18.6 சதவீதத்தினர் சிசேரியனுக்குப் போனார்கள், காத்திருந்தவர்களில் 22.2. பேறுகால ரத்தக்கொதிப்பும் மருந்து வைத்தவர்களிடம் குறைவு: 9.1க்கு 14.1. ஆக, மருந்தே ஆபரேஷனைக் கொண்டுவருகிறது என்ற பொதுவான வாதம் நிற்காது.

ஆனால் இந்த முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நெய்யாற்றின்கரையில் இறக்குவதை நான் ஏற்கவில்லை. கருப்பை வாய் இளகாத தலைப்பிரசவத்தில் மருந்து வேலை செய்ய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். பனிக்குடம் உடைந்த பிறகும் 12 முதல் 18 மணி நேரம் ஆக்சிடோசின் ஓடவிட்ட பின்பே மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டும் என்பது அமெரிக்காவில் உள்ள வழக்கம். அவ்வளவு நேரம் கட்டிலைக் கொடுத்து, ஆளைக் கொடுத்து, பொறுமையையும் கொடுத்ததால் வந்த எண் அந்த 18.6. காலையில் ஜெல் வைத்து மாலையில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதி ஆபரேஷனுக்கு எடுக்கும் இடத்தில் அந்த எண் வராது. அங்கே ஊரார் பயப்படுவதுதான் நடக்கும். ஊரார் சொல்வது மருந்தைப் பற்றிய உண்மை அல்ல. மருந்தை அவசரமாகப் பயன்படுத்துவதைப் பற்றிய உண்மை.

உயிர் ஆபத்து என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. இதை இலேசாகக் கடந்து போகக் கூடாது. மருந்தால் நேரடியாக வரும் முதல் சிக்கல் வலி அளவு மீறுவது. 10 நிமிடத்தில் 5 தடவைக்கு மேல் கருப்பை சுருங்கினால் நடுவில் இளகி ஓய்வெடுக்க நேரம் இல்லை. அந்த ஓய்வில்தான் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் புது ரத்தம் வருகிறது. ஓய்வு குறைந்தால் பிள்ளையின் இதயத்துடிப்பு தாழும். யாரும் கவனிக்காவிட்டால் மூளைக்குப் பிராணவாயு குறையும். நேரத்தில் கண்டால் சொட்டை நிறுத்தி, தாயை இடப்பக்கம் சாய்த்து, கருப்பையைத் தளர்த்தும் ஊசி போட்டுச் சரிசெய்துவிடலாம். காணாமல் விட்டால் ஒரு வாழ்நாள் முழுக்க அந்தக் குடும்பம் சுமக்கும்.

பல மணி நேரம் ஆக்சிடோசின் ஓடிய கருப்பை களைத்துப்போய், பிள்ளை பிறந்தபின் சுருங்க மறுக்கும். ரத்தப்போக்கு அங்கிருந்து தொடங்குகிறது. அதிக அளவு மருந்தை உப்பில்லாத குளுக்கோஸ் நீரில் கலந்து நெடுநேரம் ஏற்றினால் உடலில் நீர் தேங்கி, ரத்தத்தில் சோடியம் தாழ்ந்து வலிப்பு வரலாம். பனிக்குட நீர் தாயின் ரத்தத்தில் கலந்து நொடியில் ஆளைச் சாய்க்கும் கொடுமையும் உண்டு. கனடாவில் 30 லட்சம் பிரசவங்களை அலசி 2006இல் வெளியான ஆய்வில், மருந்து வைத்தவர்களிடம் அது கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. இரு மடங்கு என்று கேட்டால் குலைநடுங்கும். கூடுதலாக வந்தவை ஒரு லட்சம் பேருக்கு நாலைந்துதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்வது மிரட்டல். இரண்டாம் பாதியை மட்டும் சொல்வது மறைப்பு.

முன்பு சிசேரியன் ஆன பெண்ணின் கணக்கு தனி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அப்படிப்பட்ட 20,095 பெண்களைப் பற்றி 2001இல் வந்த ஆய்வில், தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்கு 5.2 பேருக்குக் கருப்பை கிழிந்தது. புரோஸ்டாகிளாண்டின் வைத்தவர்களில் ஆயிரத்துக்கு 24.5. கிட்டத்தட்ட நாற்பதில் ஒருவர். தழும்புள்ள கருப்பைக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னதில் வாதத்துக்கு இடமே இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆபரேஷன் நடக்கும் மண்ணில் இரண்டாம் பிரசவத்துக்கு வரும் பெண்களில் பலருக்குத் தழும்பு இருக்கும். முதல் பிரசவம் எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்வீட்டில், இரண்டாவது இந்தப் பக்கம் என்றால், முதல் ஆபரேஷன் எப்படி நடந்தது என்று சொல்லும் தாள் கையில் இருக்கிறதா என்பது உயிர்க் கேள்வி.

தராசின் மறு தட்டில் இருப்பது மருந்து வைக்காமல் இருப்பதன் விலை. ஊர்ப் பேச்சில் இது எடைக்கு வருவதில்லை, ஏனென்றால் காத்திருந்து இழந்த வீட்டில் யாரும் எதையும் பேசுவதில்லை. ஸ்வீடனில் 41 வாரத்தில் மருந்து வைப்பதையும் 42 வாரம் வரை பொறுப்பதையும் ஒப்பிட்ட ஆய்வை 2,760 பெண்களோடு பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. பொறுத்தவர்கள் பக்கம் 6 குழந்தைகள் இறந்தன. மருந்து வைத்தவர்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிய 2020ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பிலும் அதே திசைதான்: 18,795 குழந்தைகளில் இறந்தவை மருந்துப் பக்கம் 4, காத்திருந்த பக்கம் 25. பிரஷர் ஏறிய தாய்க்குக் காத்திருப்பது இன்னும் மோசம். இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் பிரஷர் உள்ள 602 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. 25 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டாலை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழி கொடுத்தபோது 57 சதவீதத்தினருக்கு 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது. மருந்துக்குப் பதில் கருப்பை வாயை விரிக்க ஃபோலி பலூன் வைத்தவர்களில் சுமார் 47. வலி அளவு மீறியது இரண்டு பக்கமும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கூட்டம் நிரம்பிய இந்திய அரசு மருத்துவமனையில், சரியான அளவோடு கொடுத்தால் இந்த மருந்து என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு இல்லை.

மருந்தையே கட்டிப்போட்டுவிடலாம் என்ற எண்ணம் நடுவண் அரசுக்கே ஒருமுறை வந்தது. மாட்டுக்குப் போட்டுப் பால் கறக்கிறார்கள் என்று சொல்லி, 2018இல் ஆக்சிடோசின் தயாரிப்பைக் கர்நாடகாவில் உள்ள ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு மட்டும் ஒதுக்க முயன்றது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நல்லவேளையாக. வலி வரவழைக்கும் அதே ஊசிதான் பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டும்போது தாயைக் காப்பாற்றுவதும்.

ஆக, சான்று மருந்தின் பக்கம் சாய்கிறது. ஆனால் சான்று எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்று பார்த்தால், எல்லை ஊர்களுக்கு விடை அவ்வளவு எளிதாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி மூன்று விஷயம் கேட்கிறது: 41 வாரம் ஆனது உறுதியாகத் தெரிய வேண்டும். மருந்து வைத்த பெண்ணைத் தனியே விடவே கூடாது. முடிந்தவரை சிசேரியன் செய்யக்கூடிய இடத்தில்தான் மருந்து வைக்க வேண்டும்.

முதலாவது வாரக் கணக்கு. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ஒரு வாரத்துக்குள் தவறும். கடைசி மூன்று மாத ஸ்கேன் மூன்று வாரம்கூடத் தவறலாம். ஆக, முதல் ஸ்கேன் தாள் கையில் வேண்டும்; எல்லை ஊர்களில் அதுதான் சிக்கல். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்து, விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தக் கோட்டைக் கேட்டா நடக்கின்றன? மார்த்தாண்டத்தில் பிறந்தவள் அமரவிளையில் வாழ்கிறாள்; ஏழாம் மாதத்தில் தாய்வீடு போகிறாள். முதல் ஸ்கேன் ஒரு மாநிலத்தில், பிரசவம் இன்னொரு மாநிலத்தில். ஒரு பக்கம் மலையாளத்தில் எழுதிய அட்டை, மறுபக்கம் தமிழில். முதல் ஸ்கேன் தாள் மாமியார் வீட்டு அலமாரியில் கிடந்தால், டாக்டர் கையில் இருக்கும் தேதி ஊகம்தான். 39 வாரம் என்று நம்பி மருந்து வைத்த பிள்ளைக்கு உண்மையில் 37 வாரமாக இருந்தால், வயிற்றில் இன்னும் இருந்திருக்க வேண்டிய இரண்டு வாரத்தை அதனிடமிருந்து பறித்ததாகும். இந்த ஒரு தாள் இல்லாமல், வேறு மருத்துவக் காரணமும் இல்லாமல், வெறும் தேதிக்காக மருந்து வைப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

பக்கத்தில் ஆள் இருப்பது இரண்டாவது. சொட்டு மருந்து ஓடும்போது கால் மணிக்கு ஒருமுறையாவது பிள்ளையின் துடிப்பைக் கேட்க வேண்டும்; பிள்ளை இறங்கும் நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒரு செவிலியர் நாலு கட்டிலைப் பார்த்தால் இது நடக்காது, அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும். திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் இதை நூறு ஆண்டுக்கு முன்பே புரிந்துகொண்டிருந்தார். கேரளத்தின் முதல் சிசேரியனை 1920இல் செய்தவர் என்று அறியப்படும் அவரே, உள்ளூர் மருத்துவச்சிகளின் பிள்ளைகளை அழைத்துப் பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். கத்தி எடுக்கத் தெரிந்தவர், பக்கத்தில் இருக்கும் கைக்கும் அவ்வளவு மதிப்புக் கொடுத்தார்.

பக்கத்தில் ஆள் இல்லாததன் இன்னொரு கொடுமை வலி. மருந்தால் வரும் வலி பெரும்பாலும் படிப்படியாக ஏறாது; திடீரென்று நெருக்கமாக, இடைவெளி குறைந்து வரும். வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி நம் சாதாரணப் பெண்களுக்கு எட்டுவது அரிது. 1990களின் நடுவில் சென்னையிலும் அதை அடுத்த மீனவ ஊரிலும் ஆய்வு செய்த மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், வலி குறைக்கும் மருந்தே இல்லாமல் வலி கூட்டும் மருந்து எவ்வளவு தாராளமாகப் போடப்படுகிறது என்று எழுதினார். சீக்கிரம் முடியட்டும் என்று அதைக் கேட்டு வாங்கிய பெண்களையும் அவர் கண்டார். நான் இதைச் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. ஆய்வுகளின் அட்டவணையில் சிசேரியன் இருக்கிறது, இறப்பு இருக்கிறது. அந்த இரவு முழுக்க அவள் பட்டது பெரும்பாலும் இல்லை. தீர்ப்பு எழுதும்போது அதையும் செலவுக் கணக்கில் ஏற்றியாக வேண்டும்.

மூன்றாவது தூரம். பாறசாலையில் தாலுகா தலைமை மருத்துவமனை, நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனை, காரக்கோணத்தில் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி, கோட்டுக்கு அப்பால் குழித்துறையும் ஆசாரிப்பள்ளமும். கடைசிப் புகலிடம் 1952 முதல் திருவனந்தபுரத்தில் இயங்கும் எஸ்.ஏ.டி. மருத்துவமனை. பாறசாலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். பாலராமபுரம் சந்திப்பின் நெரிசல் தெரிந்தவர்களுக்கு அந்த 30 கிலோமீட்டரின் நீளம் தெரியும். தானாக வலி வந்தவளை அவ்வளவு தூரம் அனுப்புவதும், மாத்திரை உள்ளே போய் வேலை செய்துகொண்டிருப்பவளை அனுப்புவதும் ஒன்றாகாது. இரண்டாமவளின் கருப்பை ஆம்புலன்சிலும் நிற்காமல் சுருங்கிக்கொண்டிருக்கும்.

கேரளத்தை மட்டும் குறைசொல்லி முடிப்பது நியாயமாகாது. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. மகப்பேறு மருத்துவர்களின் கேரளக் கூட்டமைப்பு, ஒவ்வொரு தாய் இறப்பையும் பெயர் மறைத்து அலசி என்ன தவறியது என்று கண்டறியும் வழக்கத்தை 2004இல் தொடங்கியது. நாட்டில் வேறெங்கும் அப்போது அது இல்லை. அதே கேரளத்தில்தான் 2011 ஈஸ்டருக்கு முன், சேர்த்தலை தாலுகா மருத்துவமனையில் டாக்டர்களின் விடுப்புக்காக இரண்டே நாளில் இருபதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆபரேஷன் செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து விசாரணை வந்தது. அது மருந்து வைத்த கதை அல்ல. ஆனாலும் நாட்காட்டி பிரசவ அறைக்குள் நுழையும் என்பதற்கு அது சாட்சி. ஓணத்துக்கு முன், கிறிஸ்துமசுக்கு முன், நல்ல நட்சத்திரத்துக்காக என்று டாக்டர் பக்கமிருந்தும் வீட்டார் பக்கமிருந்தும் அது நுழைகிறது.

என் தீர்ப்பு இது. பிரஷர் ஏறியவளுக்கு, பனிக்குடம் உடைந்தும் வலி வராதவளுக்கு, முதல் ஸ்கேன் கணக்குப்படி 41 வாரம் தொட்டவளுக்கு மருந்து வைப்பது சரி. மாமியின் பேச்சுக்குப் பயந்து அதை மறுப்பது தவறு. தழும்புள்ள கருப்பைக்கு மிசோப்ரோஸ்டால் எந்தச் சாக்கிலும் கூடாது. சிக்கல் இல்லாத பெண்ணுக்கு 39 வாரத்திலேயே மருந்து என்பது, அமெரிக்க எண்களைக் காட்டினாலும், செவிலியர் எண்ணிக்கை அந்த அளவுக்கு உயராத இடத்தில் ஏற்கத்தக்கதல்ல. விடுமுறைக்காக, நட்சத்திரத்துக்காக வைப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

மீதி இருப்பது கடினமான ஒரே ஒரு நிலை: 41 வாரம் நெருங்கும், வேறு குறையில்லாத, தலைப்பிரசவப் பெண், பக்கத்து மருத்துவமனையில் இரவில் மயக்க மருந்து டாக்டர் இல்லை. இங்கே நடப்பது என்ன? பகலில் ஜெல் வைத்துப் பார்ப்பார்கள், ராத்திரி சிக்கலானால் எஸ்.ஏ.டி.க்கு எழுதுவார்கள். இது தலைகீழ். அனுப்புவதாக இருந்தால் ஜெல் வைப்பதற்கு முன்பே, 40 வாரம் தாண்டியதும், வெளிச்சம் இருக்கும்போது, முதல் ஸ்கேன் தாளோடும் பழைய பிரசவ விவரத்தோடும் இரவிலும் ஆபரேஷன் நடக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அது திருவனந்தபுரமா, காரக்கோணமா, எல்லை தாண்டி ஆசாரிப்பள்ளமா என்பதை மாநிலம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அன்றைக்கு எங்கே கட்டிலும் ஆளும் தியேட்டரும் இருக்கின்றனவோ அங்கே. எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே அந்த இடத்தைக் குறித்து அட்டையில் எழுதிக் கொடுக்க டாக்டருக்குச் சில நிமிடம் போதும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கும் அவளுடைய அம்மைக்கும் உண்டு.